இழுத்தால் சுழலும், விட்டால் சுருளும்

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. ஓடத் தொடங்கிவிட்டால் மணிக்கணக்கில் ஓடும். நின்றுவிட்டால் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது. மின்மோட்டாருக்குச் சுவிட்சைப் போட்டால் போதும். நீராவி இன்ஜினுக்கு வால்வைத் திறந்துவிட்டால் போதும். கொதிகலனில் ஏற்கெனவே அடைபட்டிருக்கும் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளிவிடும். பெட்ரோல் இன்ஜினில் அப்படிக் காத்திருக்கும் அழுத்தம் எதுவும் இல்லை. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே உறிஞ்சி, நசுக்கி, சரியான கணத்தில் தீப்பொறி வைத்தால்தான் முதல் வெடிப்பு. உறிஞ்சுவது, நசுக்குவது, பொறியை உண்டாக்குவது ஆகிய மூன்றையும் முதல் தடவை வேறு யாராவது செய்து கொடுத்தாக வேண்டும். காரில் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதைச் செய்கின்றன. பழைய லான் மோவரில் அதைச் செய்வது ஒரு மனிதத் தோளும் ஒரு நைலான் கயிறும்.

அந்தக் கயிறு அறுந்தாலோ, வெளியே வந்த கயிறு திரும்ப உள்ளே போகாவிட்டாலோ, எவ்வளவு நல்ல இன்ஜினும் வெறும் இரும்புதான். பழுதை நீக்குவது பெரிய வேலையில்லை. கருவிகள் கைவசம் இருந்தால் ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் கயிறு ஏன் அறுந்தது என்ற கேள்வி கொட்டகையின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டே இருக்கும். பல நேரங்களில் அதற்கான விடை கயிற்றில் இருக்காது; இன்ஜினுக்கு அடியில், புல் வெட்டும் பிளேடில் இருக்கும். அங்கே போய்ச் சேரும் வழியைத்தான் இந்த அத்தியாயம் பிடித்துக்கொண்டு போகிறது.

நாம் பிரிக்கப்போவது அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கொட்டகைகளில் இன்றும் தூசி படிந்து கிடக்கும் இயந்திரம்: 1970களில் வந்த, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் பூட்டிய, கையால் தள்ளிக்கொண்டு போகும் மோவர். 3.5 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர், சுமார் 148 கன செ.மீ. கொள்ளளவு. மில்வாக்கி நகரில் 1908இல் தொடங்கிய நிறுவனம் அது. 1953இல் வார்ப்பிரும்பை விட்டு அலுமினியத்தில் இன்ஜின் வார்க்கத் தொடங்கியபோது எடையும் விலையும் குறைந்தன. சின்ன இன்ஜின் சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது. இதே கயிற்று அமைப்பைத் தமிழ்நாட்டில் பார்க்க மோவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மின்வெட்டு நேரத்தில் கடை வாசலில் படபடக்கும் சிறு ஜெனரேட்டர், வயலில் முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான், புதர் வெட்டும் பிரஷ் கட்டர் எல்லாவற்றிலும் ஒரே தத்துவம்தான். அளவுதான் மாறும்.

மோவருக்கென்று ஒரு சிறப்பு உண்டு, அது பின்னால் நமக்குத் தேவைப்படும். எட்வின் படிங் என்ற ஆங்கிலேயர் 1830இல் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டியில் கத்திகள் ஓர் உருளையில் சுற்றின. துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை மழிக்கும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. இன்று நாம் காணும் மோவர் வேறு வகை. ஒரு தட்டையான எஃகுப் பட்டை தரைக்கு இணையாக விசிறி போலச் சுழன்று புல்லை அடித்து வெட்டும். ஆஸ்திரேலியாவில் இந்த வகையைப் பரப்பியவர் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன். 1952இல் சிட்னியின் கான்கார்டு பகுதியில் தன் வீட்டில் அவர் செய்த முதல் மாதிரியில், பெட்ரோல் டாங்குக்குப் பதிலாகப் பீச் பழம் அடைத்து வந்த தகர டப்பா இருந்தது. ‘விக்டா’ என்ற பெயரில் அது ஆஸ்திரேலியர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்றால், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் மோவர்களுக்கே ஒரு நடனம் வைத்தார்கள். பிளேடு தரைக்கு இணையாகச் சுழல வேண்டுமானால் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்க வேண்டும். அதன் மேல்முனையில் சுழலும் வேகத்தைத் தக்கவைக்கும் சக்கரமான ஃபிளைவீல், கீழ்முனையில் பிளேடு. நடுவில் கியர், பெல்ட் எதுவும் கிடையாது.

ஆரம்பத்தில் ஸ்டார்ட்டர் என்று தனியாக ஒரு பொருளே இல்லை. ஃபிளைவீலின் மேல் ஒரு கப்பி, அதன் விளிம்பில் ஒரு வெட்டு. கயிற்று முனையின் முடிச்சை வெட்டில் மாட்டி, கப்பியைச் சுற்றிக் கயிற்றைச் சுற்றி, வெடுக்கென்று இழுத்தால் கயிறு முழுதாகக் கழன்று கையோடு வந்துவிடும். பம்பரத்தைச் சாட்டை சுற்றி விடுவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் மறுபடி சுற்ற வேண்டும். குளிர்காலத்தில், கையுறையோடு, திரும்பத் திரும்ப. அந்த எரிச்சலைப் போக்கியதுதான் ரீகாயில் ஸ்டார்ட்டர். கயிறு நிரந்தரமாகக் கப்பியிலேயே கட்டியிருக்கும். கையை விட்டால் தானாக உள்ளே சுருண்டுகொள்ளும்.

இந்தக் கயிற்றின் வேலைப்பளுவைக் கூட்டிய சட்டம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 1982 நடுப்பகுதிக்குப் பிறகு தயாரான மோவர்களில், கைப்பிடியிலுள்ள தடியை விட்டால் 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று விதி வந்தது. விரல்களும் பாதங்களும் வெட்டுப்பட்ட விபத்துகள்தான் காரணம், நல்ல விதி. அதற்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கண்ட மலிவான வழி, இன்ஜினையே நிறுத்திவிடுவது. குப்பைத் தொட்டியை நகர்த்தத் தடியை விட்டாலும் இன்ஜின் நிற்கும், திரும்பக் கயிறு. நம்முடைய இயந்திரம் அதற்கு முந்தையது. கயிறு இன்ஜின் தலையிலேயே இருக்கும், குனிந்துதான் இழுக்க வேண்டும்.

உள்ளே இருப்பவை மூன்றே உறுப்புகள்: கயிறு சுற்றியுள்ள கப்பி, தட்டையான சுருள்வில், ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் ஒரு கிளட்ச். இவற்றில் சுருள்வில்லைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. வில்தான் இன்ஜினைச் சுற்றிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வில்லுக்கு ஒரே வேலைதான், கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது. நீங்கள் இழுக்கும்போது அது உண்மையில் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. உங்கள் உழைப்பில் ஒரு சிறு பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு, கயிறு திரும்பும்போது செலவழிக்கிறது. இன்ஜினைச் சுற்றுவது முழுக்க முழுக்க உங்கள் தோள்தான்.

அந்தத் தோள் எவ்வளவு வேலை செய்கிறது? ஏறத்தாழ 148 கன செ.மீ. இன்ஜின், 6க்கு 1 என்ற அழுத்த விகிதம். பிஸ்டன் மேலேறும்போது சுமார் 178 கன செ.மீ. வாயு 30 கன செ.மீ. இடத்துக்குள் நசுங்குகிறது. வெப்பம் வெளியேற நேரமில்லாத நசுக்கல் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதற்குத் தேவையான வேலை 30 ஜூலுக்குச் சற்று மேல். 3 கிலோ பையை ஒரு மீட்டர் தூக்கும் வேலைதான் இது. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கப்பியின் சுற்றளவு 23 செ.மீ. என்று கொண்டால், 70 செ.மீ. கயிற்றை இழுக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றுகிறது. அதை 0.4 விநாடியில் இழுத்தால் நிமிடத்துக்கு 450 சுற்று வேகம். நசுக்கும் அரைச்சுற்றுக்குக் கிடைப்பது விநாடியில் 15இல் ஒரு பங்கு. அந்த ஒரு கணத்தில் தேவைப்படும் திறன் 450 வாட், அதாவது அரைக் குதிரைத்திறனுக்கும் மேல். எந்த மனிதனும் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. ஒரு வெட்டு வெட்டி இழுக்கும்போது மட்டும் முடியும்.

மெதுவாக இழுத்தால் என்ன என்று கேட்கலாம். நசுக்கிவிடலாம், பொறி வராது. இந்த இன்ஜினில் பேட்டரி கிடையாது. ஃபிளைவீலின் விளிம்பில் பதித்த காந்தம், கால் மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளியில் ஒரு கம்பிச் சுருளைக் கடந்து ஓடுகிறது. 1831இல் ஃபாரடே கண்டுகொண்டது இதைத்தான்: காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். பிளக்கின் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பாயப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே இறங்கினால் அது கிடைக்காது. ஆகவே முதியவர் ஒருவர் நோகாமல் பத்து முறை இழுத்தாலும் கிளம்பாத இன்ஜின், பேரன் ஒரே இழுப்பில் இழுத்தால் கிளம்பிவிடும். முதல் பத்து இழுப்பிலும் பெட்ரோல் உள்ளே போனது, நசுங்கியது, பொறி மட்டும் விழவில்லை.

இன்ஜின் வடிவமைத்தவர்கள் இதற்கு ஓர் அழகான உதவி செய்தார்கள். சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு அதன் டீகம்ப்ரஷன் லிவரைத் தெரியும். அதை அழுத்தினால் ஒரு வால்வு லேசாகத் திறந்து அடைபட்ட காற்று கசிந்துவிடும். பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி வைத்துக்கொண்டு, பிறகு கிக்கரை உதைக்கலாம். மோவரில் லிவர் இல்லை. பிரிக்ஸ் இன்ஜினின் கேம் ஷாஃப்டிலேயே, உறிஞ்சும் வால்வுக்கான மேட்டில் மிகச் சிறிய ஒரு கூடுதல் புடைப்பு விட்டார்கள். நசுக்கும் கட்டத்தின் ஒரு பகுதியில் அது அந்த வால்வை மில்லிமீட்டரில் சிறு பங்கு மட்டும் திறந்து வைத்திருக்கும். கயிறு இழுக்கும் வேகத்தில் அந்தக் கட்டம் விநாடியில் 15இல் ஒரு பங்கு நீடிக்கிறது. கணிசமான காற்று தப்பிவிடும், இழுப்பது இலகுவாகும். ஓடும்போது, நிமிடத்துக்கு 3000 சுற்றில், அதே கட்டம் விநாடியில் 100இல் ஒரு பங்குதான். கசிய நேரமில்லை. தனியாக அசையும் பாகம் எதுவும் சேர்க்காமல், ஓட்டையே வேகத்துக்கேற்பத் தன்னை மூடிக்கொள்வது போன்ற பலன்! சின்ன இன்ஜின்களில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இது. இதனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்க்க ஃபிளைவீலை ஓடும் திசையில் திருப்பினால் ஏமாந்துபோவோம். எதிர்த்திசையில் விசையோடு திருப்ப வேண்டும். சுரீரென்று திருப்பி அடித்தால் இன்ஜின் நலம்.

இனிப் பழுதுக்கு வருவோம். பிரிப்பதற்கு முன்பே கயிறு பாதிக் கதையைச் சொல்லிவிடும். இழுத்தால் வருகிறது, விட்டால் தொங்குகிறது என்றால் சுருள்வில் உடைந்திருக்கிறது, அல்லது அதன் கொக்கி கழன்றிருக்கிறது. தாராளமாக வந்து தாராளமாகத் திரும்புகிறது, ஆனால் இன்ஜின் சுற்றவேயில்லை என்றால் கிளட்ச் பிடிக்கவில்லை. இழுக்கவே வரவில்லை என்றால் அவசரப்பட்டு ஸ்டார்ட்டரைப் பழிக்கக் கூடாது. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அப்போது இளகி வந்து, பிளக் துளையிலிருந்து எண்ணெய் பீறிட்டால், யாரோ மோவரைத் தவறான பக்கம் சாய்த்து வைத்து இன்ஜின் ஆயிலைச் சிலிண்டருக்குள் அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். காற்று நசுங்கும், எண்ணெய் நசுங்காது. பிளக் இல்லாமலும் அசையவில்லையென்றால் அடியில் பிளேடில் ஏதோ சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிந்தையதாக இருந்தால் இந்த அத்தியாயம் உதவாது.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கின் ஒயரைப் பிடுங்கி, தானாகப் போய்ப் பிளக்கைத் தொட முடியாத இடத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். கீழே பிளேடைக் கையால் திருப்பினால் மேலே காந்தமும் திரும்பும். சூடாக இருக்கும் இன்ஜினில் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தால் ஒரு வெடிப்பு போதும். இதைப் படித்துவிட்டு “ஒரு நிமிட வேலைதானே” என்று ஒயரை விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறென்ன சொல்ல.

இன்ஜினின் தலையை மூடியிருக்கும் தகர மூடியைச் சில போல்டுகளைக் கழற்றினால் தூக்கிவிடலாம். கவிழ்த்துப் பார்த்தால் கப்பி தெரியும். அதை இரண்டு தகர நாக்குகள் வளைந்து பிடித்திருக்கும். அவற்றைக் குறட்டால் லேசாக நிமிர்த்தினால் கப்பி வெளியே வரும். கப்பிக்கு அடியில்தான் சுருள்வில். இறுக்கத்தில் இருக்கும் வில் கட்டிலிருந்து விடுபட்டால் சவரக் கத்தியைப் போல முகத்தில் பாயும். கனமான கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இங்கே குனியக் கூடாது. கயிறு அறுந்திருந்தால் வில் ஏற்கெனவே தளர்ந்துபோயிருக்கும். கயிறு மாட்டிய நிலையில் பிரிப்பவர்கள்தான் முதலில் கயிற்றை வெட்டி, கப்பியைக் கையால் பிடித்தபடி மெல்லத் தளரவிட வேண்டும்.

கயிறு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் அறும். ஒன்று, மூடியை விட்டு வெளியே வரும் துளை. அங்கே ஒரு உலோக வளையம் இருக்கும். வருடக்கணக்கில் பக்கவாட்டில் இழுத்து இழுத்துக் கயிறு அதில் ஒரு பள்ளம் தோண்டியிருக்கும். பிறகு அந்தப் பள்ளத்தின் விளிம்பு கயிற்றை அறுக்கத் தொடங்கும். வளையத்தை நைசான எமரித் தாளால் வழவழப்பாக்காமல் புதுக் கயிறு போடுவது வீண். மற்றொன்று, கப்பியில் முடிச்சுப் போட்ட இடம். முடிச்சு போட்டாலே கயிற்றின் வலிமை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும், ஏனெனில் கூர்மையாக வளையும் இடத்தில் வெளிப்புற இழைகள் மட்டும் சுமையைத் தாங்குகின்றன. அப்படியிருந்தும் முடிச்சு பல ஆண்டுகள் தாங்குகிறதே, எப்படி?

விடை கப்பியைச் சுற்றியுள்ள சுற்றுகளில் இருக்கிறது. துறைமுகத்தில் பெரிய கப்பலின் வடத்தை முளையில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு மறுமுனையை ஒற்றை ஆள் அலட்சியமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பின்னால் உள்ள அதே கணக்கு. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லரும் அவருக்குப் பின் ஐட்டல்வைன் என்ற பொறியாளரும் எழுதி வைத்தது. ஒவ்வொரு சுற்றும் இழுவிசையைக் கூட்டிக் கழிப்பதில்லை, வகுக்கிறது. உராய்வுக் குணகம் 0.2 என்றால் ஒரு சுற்று விசையை 3.5ஆல் வகுக்கும், இரண்டு சுற்று 12ஆல், மூன்று சுற்று 43ஆல். நீங்கள் 15 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும்போது கப்பியில் இன்னும் இரண்டு சுற்று மிச்சமிருந்தால், முடிச்சுக்குப் போய்ச் சேர்வது ஒன்றேகால் கிலோதான். ஆனால் கயிறு முடியும்வரை, அதற்கு மேல் போக இடமில்லாமல் டக்கென்று நிற்கும்வரை இழுப்பவர்களின் முடிச்சுக்கு அந்தச் சலுகை இல்லை. சுற்று எதுவும் மிச்சமில்லாத நிலையில் முழு அடியும் முடிச்சில் விழுகிறது, கூடவே சுருள்வில்லும் இறுகி முட்டுகிறது. கயிற்றின் கடைசி ஒரு சாண் அளவைத் தொடாமல் இழுக்கப் பழகியவரின் ஸ்டார்ட்டர் அவருக்குப் பிறகும் ஓடும்.

புதுக் கயிறாகப் பின்னிய நைலான் வாங்க வேண்டும், பழைய கயிற்றின் அதே பருமனில். தடிமனாக இருந்தால் பலம் என்று எண்ணி வாங்கினால் கப்பியின் பள்ளத்தில் கயிறு முழுதும் அடங்காமல் பக்கவாட்டில் வழிந்து சிக்கும். நைலான் 1935இல் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கியது. இந்த வேலைக்கு அது பொருந்துவதற்கு ஒரு காரணம், அறுவதற்கு முன் நன்றாக நீளும் குணம். வெடுக்கென்று வரும் அடியை அது நீண்டு வாங்கிக்கொள்ளும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரோப்பிலீன் கயிறு அப்படியல்ல. அது வெயிலில் நொறுங்கும், 160 டிகிரிக்கு அருகிலேயே உருகும். நைலான் 200 டிகிரிக்கும் மேலேதான் உருகும். முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கினால் இழைகள் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். உருகிய முனையை வெறும் விரலால் உருட்ட ஆசை வரும். சூடான நைலான் தோலில் ஒட்டினால் தோலோடுதான் வரும்.

சுருள்வில் உடைந்திருந்தால் பெரும்பாலும் கொக்கிக்கு அருகில்தான் உடைந்திருக்கும். மிகக் கூர்மையாக வளைந்த இடம் அது. ஒரே இழுப்பில் உடையாத எஃகு, ஆயிரக்கணக்கான இழுப்புகளில் ஏன் உடைகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளை வைத்து ஆராய்ந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். துருவின் ஒரு சிறு குழியில் விரிசல் பிறக்கும். ஒவ்வொரு வளைவிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளரும். மிச்சமிருக்கும் உலோகம் போதாத நாளில் படீரென்று விடும். உடைந்த முகப்பைக் கூர்ந்து பார்த்தால் பழைய விரிசலின் கருமையும் கடைசி உடைப்பின் பளபளப்பும் தனித்தனியே தெரியும். புது வில் கிடைக்காவிட்டால் பழைய மெக்கானிக்குகள் ஒரு வழி செய்வார்கள். உடைந்த முனையின் கடைசி ஓரிரு செ.மீ.யை மட்டும் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிடுவார்கள். வில் எஃகின் விறைப்பு போய் மென்மை வந்துவிடும். பிறகு குறட்டால் புதுக் கொக்கி வளைக்கலாம். சிவக்காமலேயே வளைத்தால் முனை கண்ணாடி போல ஒடியும். அளவுக்கு மீறிச் சுட்டால் வில்லே செத்துவிடும். சரியாகச் செய்த வில் நீளத்தில் சற்றுக் குறைந்திருக்கும் என்பதால் கயிற்றையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

பொருத்துவதில்தான் பலருக்குத் தலை சுற்றும். வில்லைக் கையால் சுருட்டி உள்ளே திணிக்க வேண்டியதில்லை. மூடியின் பக்கச் சுவரில் ஒரு நீளத் துளை இருக்கும். வில்லின் ஒரு முனையை அதன் வழியே நுழைத்துக் கப்பியில் மாட்டி, தகர நாக்குகளைத் திரும்ப வளைத்துக் கப்பியை உட்காரவைக்க வேண்டும். கப்பியின் நடுவில் ஒரு சதுரத் துளை. முக்கால் அங்குலச் சதுரக் கட்டை ஒன்றை அதில் செருகி, அடிப்பக்கம் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வில் தானே உள்ளே சுருண்டு போகும். மறுமுனை துளையின் குறுகலான பகுதியில் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

எத்தனை சுற்று முறுக்குவது? இரண்டு நிபந்தனைகள். கயிறு முழுதும் உள்ளே போன பிறகும் கைப்பிடி தொங்காமல் மூடியோடு ஒட்டி நிற்கும் அளவுக்கு வில்லில் இறுக்கம் மிச்சம் இருக்க வேண்டும். கயிறு முழுதும் வெளியே வந்தபோதும் வில் முட்டி நிற்காமல் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். முதலாவது தவறினால் கயிறு நாக்கைத் தொங்கப்போடும். இரண்டாவது தவறினால் வில் உடையும். பிரிக்ஸ் முறை இரண்டாவது முனையிலிருந்து தொடங்குகிறது: இனி முடியாது என்னும்வரை முறுக்கிவிட்டு, கப்பியின் கயிற்றுத் துளை மூடியின் துளைக்கு நேராக வரும்வரை, ஒரு சுற்றுக்குள், பின்னால் விட வேண்டும். அந்த நிலையில் கப்பியை நகராமல் பிடித்துக்கொண்டு கயிற்றை வெளித்துளை வழியே நுழைத்து, கப்பியில் முடிச்சிட்டு, கைப்பிடியைக் கட்டி, மெல்ல மெல்ல உள்ளே விட வேண்டும். அதாவது ‘கயிறு முழுதும் வெளியே’ என்ற நிலையில்தான் கயிறே கட்டப்படுகிறது. வில் முட்ட வாய்ப்பில்லை. மூன்றாவது கை இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும் கட்டம் இது. கட்டையைப் பட்டறை வைஸில் பிடித்துக்கொண்டால் அந்தக் குறை தீரும்.

கிளட்ச் ஃபிளைவீலின் தலையில் தனியாக இருக்கிறது. பழைய பிரிக்ஸில் அது ஒரு வட்ட டப்பா. உள்ளே ராட்செட் என்ற பற்சக்கரம், அதைச் சுற்றிச் சில எஃகுக் குண்டுகள். கயிற்றை இழுத்ததும் ராட்செட்டின் பற்கள் குண்டுகளை நெருக்கி, டப்பாவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் குண்டுகள் வெளிப்பக்கம் எறியப்பட்டு ராட்செட்டை விட்டு விலகுகின்றன. மையத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, நிமிடத்துக்கு 3000 சுற்றில், ஒரு குண்டை வெளியே தள்ளும் விசை அதன் எடையைப் போல் 200 மடங்கு. ஆகவே கப்பியும் கயிறும் அசையாமல் கிடக்க அடியில் இன்ஜின் சீறிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். எல்லா இடத்திலும் எண்ணெய் விட்டே பழகிய கை இங்கேயும் விடும். எண்ணெயும் புல் தூசியும் சேர்ந்து பிசினாகிக் குண்டுகள் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். கயிறு வரும், இன்ஜின் சுற்றாது. குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்தபடியே போட வேண்டும்.

இவ்வளவும் செய்து மூடியைப் பூட்டிய பிறகுதான் முதல் கேள்விக்கு வர முடியும். வளையத்தில் பள்ளமில்லை, கயிறு அப்படியொன்றும் பழையதில்லை, கடைசிவரை இழுக்கும் பழக்கமும் இல்லை, ஆனாலும் அறுந்தது. இழுத்தவரைக் கேட்டால் “கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது” என்பார். அதுதான் துப்பு. பொறி, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே விழுகிறது. உச்சியைக் கடந்துபோகப் போதுமான வேகம் சுழலும் பாகங்களில் இல்லையென்றால், வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளும். கிராங்க் ஷாஃப்ட் எதிர்த்திசையில் துள்ளும், கயிறு விரல்களைப் பிய்த்துக்கொண்டு உள்ளே பாயும். புல்லட் கிக்கர் கணுக்காலை அடிப்பதும் இப்படித்தான்.

சுழலும் பாகங்களில் ஏன் வேகம் போதவில்லை? இங்கேதான் கீழ்முனையில் இருக்கும் பிளேடு வருகிறது. எடையைக் குறைக்க ஃபிளைவீலை அலுமினியத்தில் செய்தார்கள். இரண்டு கிலோவை ஒட்டிய எடையும் 8 செ.மீ. ஆரமும் இருந்தால் அதன் நிலைமத் திருப்புத்திறன் 0.01 கிலோ-சதுர மீட்டரைக்கூட எட்டாது. ஒரு கிலோ எடையும் 53 செ.மீ. நீளமும் உள்ள பிளேடுக்கோ அது 0.023. எடையில் பாதிதான், ஆனால் மையத்திலிருந்து தொலைவில் பரவியிருப்பதால் இரு மடங்குக்கும் மேல் பங்களிக்கிறது. 450 சுற்று வேகத்தில் இரண்டும் சேர்ந்து சேமிக்கும் ஆற்றல் 30 ஜூலைத் தாண்டும். நாம் முன்பு பார்த்த நசுக்கும் வேலைக்குச் சரியாக ஈடு. ஃபிளைவீல் மட்டும் என்றால் 10 ஜூல் தேறாது. இந்த மோவரில் பிளேடு புல் வெட்டும் கருவி மட்டுமில்லை, இன்ஜினின் ஃபிளைவீலில் பெரும்பகுதி அதுதான். பிளேடின் போல்ட் தளர்ந்திருந்தால், பிளேடு ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் வழுக்கினால், இன்ஜின் உச்சியைத் தாண்ட முடியாமல் உதைக்கும். கயிறு அதற்குப் பலி. போல்டை முறையான இறுக்கத்தில் முடுக்கியதும், மாதக்கணக்கில் உதைத்த மோவர் சாதுவாகிவிடும். கூர் தீட்டக் கழற்றியவர் கையால் மட்டும் முடுக்கி விட்டுவிடுவது இதற்கு வழக்கமான காரணம்.

போல்ட் இறுக்கமாகவே இருந்தால் மேல்முனையைப் பார்க்க வேண்டும். ஃபிளைவீலும் கிராங்க் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் நிற்க, இரண்டின் பள்ளங்களுக்கும் நடுவே ‘கீ’ என்று பட்டறையில் சொல்லும் சிறு உலோகத் துண்டு உட்கார்ந்திருக்கும். பிளேடு கல்லிலோ மரவேரிலோ மோதித் திடீரென நின்றால் ஷாஃப்டும் நிற்கும், ஆனால் மேலே ஃபிளைவீல் தன் வேகத்தில் இன்னும் சற்று முன்னேறப் பார்க்கும். கீ பாதி வெட்டுப்படும். காந்தம் சில டிகிரி முன்னே தள்ளி நிற்க, பொறி அத்தனை டிகிரி முன்கூட்டியே விழும். அதாவது பிஸ்டன் உச்சியிலிருந்து இன்னும் தொலைவில் இருக்கும்போதே. மறுபடி உதை. ஃபிளைவீல் நட்டைக் கழற்றி மேலிருந்து பார்த்தால் இரண்டு பள்ளங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாதது வெறும் கண்ணுக்கே தெரியும். மில்லிமீட்டரில் பாதி விலகியிருந்தாலும் கீயை மாற்றிவிடுவதே நல்லது.

அந்தக் கீ வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. சில ரூபாய்ப் பொருள். அடிக்கடி வெட்டுப்படுகிறதே என்று எஃகில் ஒன்று கடைந்து போடுபவர்கள் உண்டு. அது வெட்டுப்படாது. அடுத்த கல்லில் அந்த அடியை ஃபிளைவீலின் பள்ளமோ கிராங்க் ஷாஃப்டோ வாங்கிக்கொள்ளும், வளைந்த ஷாஃப்டுக்குப் புது இன்ஜின்தான் மாற்று.